ஆமை முட்டைக்குக் கோழி இன்குபேட்டர் ஆகுமா?

களக்காட்டுத் தோப்பு | ஜனவரி 11, இரவு 9.40

வணக்கம். நேற்று மாலை எங்கள் தோப்பில் பெண் ஆமை முட்டையிட்டது. ஆப்பிரிக்காவின் சல்கேட்டா வகை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் உள்ளங்கையளவில் வாங்கிய ஜோடி; இன்று ஆண் 38 கிலோ, பெண் 29 கிலோ.

மோட்டார் அறைக்குப் பின்னால் பின்னங்கால்களாலேயே நான்கு மணி நேரம் தோண்டியது. இருட்டிய பிறகு டார்ச் வைத்துப் பார்த்தேன். பதினேழு முட்டைகள். உருண்டையாக, வெள்ளையாக, மேசைப் பந்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றன. போன ஆண்டு குழியிலேயே விட்டேன். பாதியைக் கீரி தின்றது, மீதி வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீரில் அழுகியது. அதனால் இந்த முறை இரவோடு இரவாக எடுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் குறி போட்டு, ஒரு பேசினில் மணல் பரப்பி வைத்திருக்கிறேன்.

வீட்டில் நூறு முட்டை பிடிக்கும் கோழி இன்குபேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. விசிறி உண்டு, தானாகப் புரட்டும் மோட்டாரும் உண்டு. விற்றவரிடம் போன் செய்து கேட்டேன். எந்த முட்டையானாலும் தாராளமாக வைக்கலாம் என்றார். இணையத்தில் ஊர்வனவற்றுக்கென்றே தனி மெஷின் ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக, தெர்மாகோல் பெட்டியில் நானே செய்யலாமா என்றும் ஒரு யோசனை.

பாட்டி ஒருபுறம் "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, இதில் குட்டி வேறா" என்று தொடங்கிவிட்டார். விரைவாக ஒரு வழி சொல்லுங்கள்.

மேலப்பாளையம் பண்ணை | ஜனவரி 11, இரவு 10.05

அண்ணாச்சி, இதற்கு ஏன் கவலை? மெஷினைப் போடுங்கள். 37.5 டிகிரி, ஈரப்பதம் 55, ஒரு மணி நேரத்துக்கு ஒரு புரட்டல். கோழி, வான்கோழி, கினிக்கோழி, காடை எல்லாம் இதில்தான் பொரிக்கிறேன். கடைசி மூன்று நாள் மட்டும் புரட்டலை நிறுத்தி ஈரத்தை ஏற்றினால் போதும். முட்டை முட்டைதானே.

சாரல் டீச்சர் | ஜனவரி 11, இரவு 10.18

தம்பி, அந்த மெஷினின் பிளக்கை முதலில் பிடுங்குங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

சாரல் டீச்சர் | ஜனவரி 11, இரவு 10.52

இப்போது விளக்கமாக எழுதுகிறேன். தென்காசியில் முப்பது ஆண்டு விலங்கியல் நடத்தியவள், கொஞ்சம் நீளும்.

கோழி முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல் போல ஒன்று தெரியும் அல்லவா? அந்த நூல்தான் கருவை நடுவில் தொங்கவிட்டிருக்கிறது. முட்டையைப் புரட்டினாலும் உள்ளே மஞ்சள் கரு சுழன்று, குஞ்சாக வளரும் உயிர்ப்புள்ளி மேலே வந்துவிடும். புரட்டாமல் விட்டால் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அடைகோழியே அலகால் புரட்டுகிறது.

ஆமை முட்டையில் அந்த நூல் கிடையாது. முட்டை மண்ணில் விழுந்த ஓரிரு நாளுக்குள் உயிர்ப்புள்ளி மேலே ஏறி, உள் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்துதான் ரத்தக் குழாய்கள் பரவும். அதற்குப் பிறகு புரட்டினால் மஞ்சள் கருவின் எடை முழுவதும் குஞ்சின் மேல் விழும். தாய் ஆமை முட்டையிட்டு, மண்ணை மூடி, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது. அந்த முட்டையைப் புரட்ட யாரும் வருவதில்லை, புரட்டத் தேவையும் இல்லை. நீங்கள் சில மணி நேரத்திலேயே எடுத்துக் குறி போட்டது நல்லது. இனி அந்தக் குறி கடைசி நாள் வரை மேலே பார்த்தே இருக்கட்டும்.

அடுத்தது சூடு. 37.5-இல் வைத்தால் கோழிக் குஞ்சு வரும், ஆமை வெந்துவிடும். சல்கேட்டாவுக்கு 28 முதல் 32 வரை. 34-ஐத் தாண்டினால் முதுகு ஓட்டுக் கட்டங்கள் கோணலாகி ஊனத்தோடு பிறக்கும், இல்லையென்றால் பிறக்கவே பிறக்காது.

மேலப்பாளையம் பண்ணை | ஜனவரி 11, இரவு 11.10

சரி டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். புரட்டும் மோட்டாரைக் கழற்றிவிட்டு 30-இல் வைத்தால் அதே மெஷின் போதாதா?

சாரல் டீச்சர் | ஜனவரி 12, காலை 6.30

விசிறி இருக்கிறதே. அதன் காற்று முட்டையை உலர்த்தும். இருபத்தொரு நாளில் கோழி முட்டை தாங்கும் உலர்ச்சியை நூறு நாளில் ஆமை முட்டை தாங்காது. முட்டைகளை மூடியுள்ள டப்பாவில், ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளோடு வைத்து, அந்த டப்பாவை மெஷினுக்குள் வைத்தால் ஓரளவு சரிப்படும். இன்னொன்று, உங்கள் மெஷினின் அளவுகாட்டி உண்மையைச் சொல்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்?

மேலப்பாளையம் பண்ணை | ஜனவரி 12, காலை 7.15

காய்ச்சல் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எல்லாப் பண்ணையிலும் அதுதான் வழக்கம்.

சாரல் டீச்சர் | ஜனவரி 12, காலை 7.21

அது 35-க்குக் கீழே காட்டாது. உங்களுக்கு 37.5 வேண்டும், அதனால் உதவுகிறது. இவருக்கு 30 வேண்டும். அறிவியல் கருவிகள் விற்கும் கடையில் 0 முதல் 50 வரை காட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்தால் பூச்சியம் காட்ட வேண்டும். அரை டிகிரி தள்ளிக் காட்டினால் அந்த அரையைக் கழித்துக்கொண்டால் போதும்.

லெஸ்டர் பாளையங்கோட்டையான் | ஜனவரி 12, பிற்பகல் 3.40

நான் இங்கிலாந்தில் ஐரோப்பாவின் ஹெர்மன் வகை ஆமைகளை முறையான சான்றிதழோடு வளர்க்கிறேன். ஆறு முறை பொரித்திருக்கிறேன். என் யோசனை: அந்த ஒன்பதாயிரம் ரூபாய் மெஷினைத் தயங்காமல் வாங்குங்கள். ஊர்வனவற்றுக்கான இந்த மாதிரி இன்குபேட்டரில் விசிறி இருக்காது, காற்று அசையாது, சூட்டுக் கம்பி சுற்றிலும் ஓடும். பத்தில் ஒரு டிகிரி வரை துல்லியமாக நிற்கும். நான் 31.5-இல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். அறுபது நாள் கழித்துக் குஞ்சுகள் நிற்கும்.

டப்பாவுக்குள் வெர்மிகுலைட் போடுங்கள், நர்சரிகளில் செடிக்குப் போடும் ஈரம் பிடிக்கும் கனிமத் தூள். பத்துப் பங்கு வெர்மிகுலைட்டுக்கு எட்டுப் பங்கு தண்ணீர், அளவு எடையில். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. முட்டையைப் பாதி புதைத்தால் போதும், மேல் பாதி காற்றில் இருக்கட்டும். மூடியில் நான்கு ஊசித் துளை.

களக்காட்டுத் தோப்பு | ஜனவரி 12, மாலை 5.00

நன்றி அண்ணாச்சி. ஒரு சந்தேகம். உங்கள் மெஷின் 31.5-க்குக் கீழே போனால் சூடேற்றும். மேலே போனால் என்ன செய்யும்?

லெஸ்டர் பாளையங்கோட்டையான் | ஜனவரி 12, மாலை 5.32

மேலே போகாதே. அறை 19 டிகிரிதானே.

களக்காட்டுத் தோப்பு | ஜனவரி 12, மாலை 5.40

இங்கே பங்குனியில் அறை 35 அண்ணாச்சி.

லெஸ்டர் பாளையங்கோட்டையான் | ஜனவரி 12, மாலை 6.15

அட, ஊரை விட்டு வந்து இருபது ஆண்டாகிவிட்டது. அம்மா சித்திரையில் தரையில் தண்ணீர் தெளித்துப் படுக்கச் சொல்வது மறந்தே போயிற்று. அந்த மெஷினை வாங்காதீர்கள். அறைச் சூடு எவ்வளவோ அதற்குக் கீழே அதனால் இறங்கவே முடியாது.

நாங்குநேரி வயரிங் | ஜனவரி 12, இரவு 8.20

இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சந்தையில் கிடைக்கும் இன்குபேட்டர் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்கில் செய்தவை. முட்டை வைத்தது மார்கழிக் கடைசி. நூறு நாள் என்றால் சித்திரை பிறந்துவிடும். முதல் மாதம் இரவில் 23, 24 வரை இறங்கும், சூடேற்ற வேண்டும். கடைசி மாதம் பகலில் சூட்டை இறக்க வேண்டும். ஒரே பெட்டி இரண்டையும் செய்ய வேண்டும். என் திட்டம் இது.

மீன் சந்தையில் ஐஸோடு வரும் பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள், சுவர் தடித்ததாக. உள்ளே பத்து லிட்டர் தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு செங்கல்லை நிறுத்தி, அதன்மேல் முட்டை டப்பா. மீன்தொட்டிக்குப் போடும் 50 வாட் ஹீட்டர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கட்டும். பல்பு போடாதீர்கள். பல்பு அணைந்த ஐந்து நிமிடத்தில் காற்று ஆறிவிடும், பத்து லிட்டர் தண்ணீர் அத்தனை சுலபத்தில் ஆறாது. மின்வெட்டுக்கு இதை விட மலிவான பேட்டரி கிடையாது.

சூட்டுக் கட்டுப்பாட்டுக்கு டபிள்யூ 1209 என்ற நூற்றைம்பது ரூபாய்ப் பலகையை எல்லாரும் சொல்வார்கள். அதில் ரிலே, அதாவது தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச், ஒன்றுதான். எஸ்டிசி 1000 என்ற கட்டுப்பாட்டுக் கருவியை வாங்குங்கள். சூட்டுக்கு ஒரு ரிலே, குளிருக்கு ஒரு ரிலே, இரண்டும் ஒரே டப்பாவில். 30.5 என்று வைத்து வித்தியாசம் 0.5 கொடுத்தால், 30-க்கு இறங்கும்போது ஹீட்டர் போடும், 31-க்கு ஏறும்போது குளிர் ரிலே போடும். குளிர் ரிலேயில் கணினி விசிறி ஒன்றை அடாப்டரோடு மாட்டி, தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைக் கணக்குதான். முட்டை மூடிய டப்பாவுக்குள் இருப்பதால் காற்று அதன்மேல் படாது.

அதன் வயர் நுனியில் சூட்டை அறியும் உணரியை முட்டை டப்பாவுக்குள், முட்டையின் மட்டத்தில் செருகுங்கள். பெட்டியின் கூரையில் தொங்கவிட்டால் கூரையின் சூட்டைத்தான் அறிவீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் வற்றி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். வாரம் ஒரு முறை ஊற்றுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. அதனால் ஹீட்டரின் சொந்தத் திருகையும் 32-இல் வைத்துவிடுங்கள். ஒரு காவலாளி தூங்கினால் இன்னொருவன் விழித்திருப்பான்.

நெல்லையப்பர் வாசல் | ஜனவரி 12, இரவு 9.30

ரிலே, வோல்ட் எல்லாம் எனக்குப் புரியவில்லை. சைவத்தில் தீட்சை பற்றிச் சொல்லும்போது ஒன்று சொல்வார்கள்: மீன் பார்வையால் குஞ்சு பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இருந்தபடி நினைத்தே பொரிக்கும் என்று. அதனால் தம்பி, நினைத்துக்கொண்டே இருங்கள், தொடாதீர்கள். டீச்சர் சொன்னதும் இதுதானே?

சாரல் டீச்சர் | ஜனவரி 12, இரவு 9.44

ஐயா, என் வகுப்பில் நீங்கள் இருந்திருக்கலாம்.

அம்பை ஓய்வு | ஜனவரி 13, காலை 8.00

நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பதிவு இருக்கிறதா? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் என்ற உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும்.

களக்காட்டுத் தோப்பு | ஜனவரி 13, காலை 8.25

இரண்டும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவாகியிருக்கின்றன ஐயா. குட்டி வந்தால் அதையும் தெரிவித்துவிடுவேன்.

அம்பை ஓய்வு | ஜனவரி 13, காலை 8.40

நல்லது. அடுத்த கேள்வி சட்டத்தில் இல்லாதது. பதினேழும் பொரிந்தால் என்ன செய்வீர்கள்?

களக்காட்டுத் தோப்பு | ஜனவரி 13, காலை 8.47

நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அம்பை ஓய்வு | ஜனவரி 13, காலை 9.30

உள்ளங்கையில் இருக்கும்போது எல்லாரும் கேட்பார்கள். ஆறு ஆண்டு கழித்து அது வாசற்படியை இடிக்கும்போது உங்கள் நண்பர் என்ன செய்வார்? தலையணை அருவிக்குப் பக்கத்தில் காட்டுக்குள் இறக்கிவிட்டு வருவார். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லையில் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள். சகாரா ஓரத்தில் வளை தோண்டி வாழும் ஆமை இது, கண்டங்களில் வாழும் நில ஆமைகளிலேயே பெரியது. நம் காட்டில் அதற்கு வேலை இல்லை. மனிதர் ஆயுளைத் தாண்டி வாழக்கூடிய உயிரைப் பதினேழு பேருக்குப் பங்கு போடும் முன், நிச்சயமாக வளர்க்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மட்டும் முட்டை வையுங்கள். மற்றதை இன்றே உறையும் குளிரில் வைத்துவிடுங்கள். முட்டையிட்டு மூன்று நாள்தான் ஆகிறது, உள்ளே இன்னும் குஞ்சு என்று எதுவும் உருவாகவில்லை.

மேலப்பாளையம் பண்ணை | ஜனவரி 13, காலை 10.02

என்ன ஐயா இப்படிச் சொல்கிறீர்கள்? கையில் வந்த உயிரை நாமே அழிப்பதா? பாவம் இல்லையா?

அம்பை ஓய்வு | ஜனவரி 13, காலை 10.15

ஆம்லெட் போடும் முட்டையில் பாவம் பார்க்கிறீர்களா? அதைப்போலவே இதிலும் இன்னும் குஞ்சு இல்லை. நாற்பது நாள் கழித்துச் செய்தால் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் இன்றே என்றேன்.

களக்காட்டுத் தோப்பு | ஜனவரி 13, இரவு 10.30

பகல் முழுவதும் இதே யோசனை. உண்மையாகவே இடமும் மனமும் உள்ளவர்கள் என்று எண்ணினால் என்னையும் சேர்த்து ஐந்து பேர்தான் தேறினார்கள். கெட்டுப்போவதற்கும் சேர்த்து எட்டு முட்டை வைத்திருக்கிறேன். ஒன்பது முட்டைகள் பிரிட்ஜின் உறைபகுதிக்குப் போயின. "தயிர் வைக்கிற பெட்டியிலா ஆமை முட்டை" என்று பாட்டி இரவுச் சாப்பாட்டுக்கு மோரை மறுத்துவிட்டார்.

தேரிக்காட்டான் | ஜனவரி 16, மாலை 4.10

பொங்கல் வாழ்த்துகள். திசையன்விளைப் பக்கம் எங்கள் முருங்கைத் தோட்டத்தில் குழி தோண்டும்போது ஐந்து முட்டை கிடைத்தது. நீங்கள் சொல்லும் உருவம்தான், சிறியது. அங்கே மஞ்சள் கோடு போட்ட ஆமை நடமாடுவதை முன்பே பார்த்திருக்கிறேன். இதே பெட்டியை நானும் செய்யவா?

அம்பை ஓய்வு | ஜனவரி 16, மாலை 4.22

செய்யாதீர்கள். அது நட்சத்திர ஆமை. நம் மண்ணின் உயிர், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் விலங்கு என்ற சொல்லுக்குள் முட்டையும் அடக்கம். வீட்டில் பெட்டிக்குள் வைத்தால் நல்லெண்ணம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழு வரை போகலாம். 2019-இல் சைட்டிஸ் முதல் இணைப்புக்கு அதை ஏற்றியதே கள்ளக் கடத்தலால்தான். வரப்பில் கிடைக்கும் மயில் முட்டையைக் கோழிக்கு அடியில் வைக்கிறார்களே, அதுவும் இதே குற்றம்.

முட்டையை நகர்த்திவிட்டீர்களா?

தேரிக்காட்டான் | ஜனவரி 16, மாலை 4.30

இல்லை. மண்வெட்டி பட்டதும் நிறுத்திவிட்டேன். ஒன்று மட்டும் உடைந்துவிட்டது. நான்கு அப்படியே இருக்கிறது.

சாரல் டீச்சர் | ஜனவரி 16, மாலை 4.41

நல்ல காரியம் செய்தீர்கள். எடுத்த அதே மண்ணை அதே உயரத்துக்கு மெதுவாக மூடுங்கள், மிதிக்க வேண்டாம். உடைந்ததை மட்டும் தள்ளிப் போடுங்கள், எறும்பு வரும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை மேலே முள்ளைக் கவிழ்த்து வையுங்கள். முருங்கைக் குழியை நான்கடி தள்ளித் தோண்டிக்கொள்ளுங்கள்.

பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டைகளைக் கடற்கரையில் எடுக்கும் வனத்துறையே மெஷினில் வைப்பதில்லை. வேலி போட்ட இடத்தில் மணலைத் தோண்டி அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். மண் அவ்வளவு நல்ல இன்குபேட்டர். ஒன்றரை அடி ஆழத்தில் பகலும் இரவும் ஒன்றுதான்.

தேரிக்காட்டான் | ஜனவரி 17, பிற்பகல் 1.15

சொல்லிவிட்டேன். இருவர் வந்து பார்த்துவிட்டு, அங்கேயே இருக்கட்டும் என்று கம்பிவலை அடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மேலப்பாளையம் பண்ணை | பிப்ரவரி 2, இரவு 9.00

இந்த இழையை மறக்க முடியவில்லை. தண்ணீர் பேட்டரி பற்றி வயரிங் தம்பி எழுதியதைப் படித்ததும் 2023 டிசம்பர் நினைவுக்கு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. ஆறு ஊருக்குள் வந்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. நானூறு முட்டைகள், பதினாறாம் நாள். இன்வெர்ட்டர் ஐந்து மணி நேரத்தில் கண்ணை மூடியது. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆமை முட்டைக்கு அப்படி நேர்ந்தால்?

சாரல் டீச்சர் | பிப்ரவரி 2, இரவு 9.25

ஆமை முட்டை குளிரை மன்னிக்கும், சூட்டை மன்னிக்காது. ஒரு நாள் 25-க்கு இறங்கினால் பொரிப்பது தள்ளிப்போகும், அவ்வளவுதான். அரை நாள் 37-க்கு ஏறினால் அத்தோடு முடிந்தது. மின்சாரம் போனால் பதறாமல் மூடியைத் திறக்காமல் இருங்கள்.

களக்காட்டுத் தோப்பு | பிப்ரவரி 8, இரவு 8.15

நிலவரம் எழுதுகிறேன். இருபத்தொன்பதாம் நாள். டீச்சர் சொன்னபடி இருட்டறையில், முட்டையை எடுக்காமலேயே போன் டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். ஆறு முட்டைகளில் நெற்றியில் விபூதி பூசியதுபோல வெண்மை பரவியிருக்கிறது, உள்ளே செந்நூல் போல ரத்தக் குழாய்கள். இரண்டு முட்டைகள் மஞ்சளாகவே இருக்கின்றன, மாற்றமே இல்லை.

வெர்மிகுலைட் பாளையங்கோட்டை நர்சரியில் கிடைத்தது. அங்கே தென்னை நார்த்தூளே போதும், பாதி விலை என்றார்கள். தூளில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீர் கழுவ வேண்டும் என்று எனக்கே தெரியும் என்பதால் வாங்கவில்லை. டப்பாவை மொத்தமாக எடை போட்டு மூடியில் எழுதிவைத்திருக்கிறேன். குறைந்த கிராமுக்குத் தண்ணீரை ஓரத்தில் ஊற்றுகிறேன், முட்டை மேல் படாமல். பெட்டி மூடியில் திரண்ட நீர் முட்டை டப்பாவின் மேல் சொட்டியது. ஒரு பக்கம் தீக்குச்சி வைத்து மூடியைச் சாய்த்ததும் நின்றது.

லெஸ்டர் பாளையங்கோட்டையான் | பிப்ரவரி 8, இரவு 10.50

மஞ்சளாக நிற்கும் இரண்டையும் அவசரப்பட்டு எறியாதீர்கள். நாற்றம் வந்தால் மட்டும் எடுங்கள். ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள், நடுவில் வரும் மூன்றில் ஒரு பங்கு நாட்களில்தான் அது தீர்மானமாகும். 29-ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண், 31-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பெண்.

மேலப்பாளையம் பண்ணை | பிப்ரவரி 9, காலை 6.05

சூட்டை மாற்றினால் ஆணும் பெண்ணுமா! கோழியில் இது நடந்தால் நான் ஒரு சேவலைக்கூடப் பொரித்திருக்க மாட்டேன்.

சாரல் டீச்சர் | பிப்ரவரி 9, காலை 6.40

கோழியில் அது தாயிடமிருந்து வரும் குரோமோசோமிலேயே முடிந்துவிடும் அண்ணாச்சி. உங்கள் கனவு பலிக்காது.

களக்காட்டுத் தோப்பு | மார்ச் 24, பிற்பகல் 2.20

அவசரம். அறை 35.5. குளிர் விசிறி காலை முதல் நிற்காமல் ஓடுகிறது, ஆனாலும் டப்பா 32.9. ஏறிக்கொண்டே இருக்கிறது.

நாங்குநேரி வயரிங் | மார்ச் 24, பிற்பகல் 2.26

பெட்டியின் மூடி எவ்வளவு திறந்திருக்கிறது?

களக்காட்டுத் தோப்பு | மார்ச் 24, பிற்பகல் 2.28

தீக்குச்சி அளவு.

நாங்குநேரி வயரிங் | மார்ச் 24, பிற்பகல் 2.31

என் தவறு, எழுதியிருக்க வேண்டும். ஆவி வெளியே போக வழி இல்லையென்றால் தண்ணீர் எப்படி ஆறும்? விசிறிக்கு எதிர்ப்பக்கச் சுவரில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துளை போடுங்கள். அதுவரை ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள்.

நெல்லையப்பர் வாசல் | மார்ச் 24, பிற்பகல் 2.50

பழைய வீட்டில் நெல் அறை இல்லையா? எங்கள் அப்பா காலத்தில் வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் அங்கேதான், கோடையில் மதியம் தூங்குவதும் அங்கேதான்.

களக்காட்டுத் தோப்பு | மார்ச் 25, இரவு 9.10

துளை போட்டதும் ஒரு மணி நேரத்தில் 31.4. ஐயா சொன்னபடி இன்று காலை பெட்டியை அசையாமல் இருவராகத் தூக்கி நெல் அறைக்கு மாற்றினோம். இரண்டடி மண் சுவர், ஒரே சன்னல். சன்னலில் ஈரச் சாக்கு தொங்குகிறது. மதியம் மூன்று மணிக்கு அறை 32, டப்பா 30.8. ஒன்பதாயிரம் ரூபாய் மெஷினை வாங்கியிருந்தால் இன்று அதன் கண்ணாடி வழியாக அவிந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மொத்தச் செலவு இரண்டாயிரத்தைத் தொடவில்லை. நெல் அறைக்கு மட்டும் விலை போட முடியாது.

களக்காட்டுத் தோப்பு | ஏப்ரல் 18, காலை 5.50

தொண்ணூற்றெட்டாம் நாள். ஒரு முட்டையில் சின்னத் துளை, உள்ளே மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு முள் தெரிகிறது. பாட்டி சித்திரை ஒன்றாம் தேதியே வரும் என்று காத்திருந்தார். வந்தது சித்திரை ஐந்து. ஓட்டை நான் கொஞ்சம் உரித்துவிடலாமா?

சாரல் டீச்சர் | ஏப்ரல் 18, காலை 5.58

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வயிற்றில் மஞ்சள் கருப்பை இன்னும் வெளியே இருக்கும். அது உள்ளே இழுக்கப்படும் வரை குஞ்சே வெளியே வராது, இரண்டு மூன்று நாள்கூட ஆகும். நீங்கள் உரித்தால் அந்தப் பை கிழியும்.

மேலப்பாளையம் பண்ணை | ஏப்ரல் 18, காலை 6.20

இதில் மட்டும் கோழியும் ஆமையும் ஒன்றுதான். உரித்துக் கெடுத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

களக்காட்டுத் தோப்பு | ஏப்ரல் 26, இரவு 9.30

ஐந்து குஞ்சுகள். ஆறாவது முட்டையில் முழுதாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே இறந்திருந்தது. காரணம் மார்ச் 24-ஆ என்று தெரியவில்லை, மனம் அங்கேயே போகிறது. மஞ்சள் முட்டைகள் இரண்டும் கடைசி வரை மஞ்சள்தான்.

ஈரத் துணி விரித்த தட்டில் நான்கு நாள் வைத்து, வயிறு மூடியதும் மாற்றினேன். தினமும் கால் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம். அருகம்புல், செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. ஒன்றன் முதுகில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது. பிறப்பைத் தெரிவிக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. அமீனா வரவில்லை என்று பாட்டியிடம் சொன்னேன். "விண்ணப்பம் போட்டிருக்கிறாயே, வருவான்" என்றார்.

தேரிக்காட்டான் | ஏப்ரல் 27, காலை 7.00

வாழ்த்துகள் அண்ணாச்சி. என் கம்பிவலைக்குள் இன்னும் எதுவும் இல்லை. காத்திருக்கிறேன்.

சாரல் டீச்சர் | ஏப்ரல் 27, காலை 7.12

மண்ணுக்குள் மாதக்கணக்கில் ஆகும் தம்பி. வலையை எடுத்துவிடாதீர்கள். தோண்டிப் பார்க்கவும் வேண்டாம்.

மேலப்பாளையம் பண்ணை | ஏப்ரல் 27, காலை 8.30

தோப்பு அண்ணாச்சி, அந்த எஸ்டிசி 1000 இனி சும்மாதானே இருக்கும்? குஞ்சுக் கோழிக் கொட்டகையில் வெயிலுக்கு விசிறி போட வேண்டும். ஒரு மாதத்துக்குக் கொடுங்கள்.

களக்காட்டுத் தோப்பு | ஏப்ரல் 27, காலை 8.41

ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உணரியின் வயரை மட்டும் கோழி கொத்தாத உயரத்தில் கட்டுங்கள்.